வாயால் சொன்ன ‘இல்லை’யை எழுதி வாங்குங்கள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றிப் பேசணும்னு ரொம்ப நாளாகவே கேட்டுட்டு இருந்தீங்க. அதுல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. “வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தா நாங்க ஏன் உதவித்தொகை கேக்கப் போறோம்?” நியாயமான கேள்வி. அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துல சட்டப்பணிகள் குழுவோட பேனல் வக்கீலா வேலை பார்க்கிறேன். இன்னிக்குச் சொல்லப் போற ஆட்களோட விவரங்களை, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்றேன். நடந்த விஷயத்தோட போக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

இலவசம் என்பது சலுகை இல்லை

1987-ல் வந்த சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு. நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதனாலதான் ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியைச் சட்டப்பணிகள் தினம்னு கொண்டாடுறோம். அந்தச் சட்டத்தோட 12-வது பிரிவு, யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவி கிடைக்கும்னு பட்டியல் போடுது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர். அதே பட்டியல்ல மாற்றுத்திறனாளிகளும் இருக்காங்க.

இதுல முக்கியமான சங்கதி, இவங்களுக்கு வருமான உச்சவரம்பு கிடையாது. “நீ ஏழையா, அதை நிரூபி”ன்னு யாரும் கேட்க முடியாது. மாற்றுத்திறனாளின்னா போதும். நம்ம அரசியலமைப்புல 39-ஏ பிரிவு, பணம் இல்லைங்கிற காரணத்தால யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாதுன்னு சொல்லுது. 1976-ல் சேர்த்தது. அதுக்குக் கை கால் முளைச்சதுதான் இந்தச் சட்டம்.

எங்க போய்க் கேக்கணும்? தாலுகா அளவுல வட்ட சட்டப்பணிகள் குழு, மாவட்ட அளவுல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. ரெண்டும் நீதிமன்ற வளாகத்துலதான் இருக்கும். வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுத்தாப் போதும். எழுதத் தெரியலைன்னா வாயால சொல்லலாம், அங்க இருக்கறவங்க எழுதிக்குவாங்க. தொலைபேசி எண் 15100. எங்களுக்கான கட்டணத்தைக் குழுவே கொடுத்திடும். அதனால “அண்ணாச்சி, டீச்செலவுக்கு வச்சுக்கோங்க”ன்னு யாரும் பணம் நீட்ட வேண்டாம். எந்தப் பேனல் வக்கீலாவது கேட்டா, குழுத் தலைவரா இருக்கிற நீதிபதிகிட்டயே புகார் கொடுக்கலாம்.

பதிவேட்டில் வராத மனுஷன்

சரி, வக்கீல் வந்து என்ன பண்ணுவார்? உதவித்தொகை விஷயத்துல நூத்துல பெரும்பகுதி வேலை கோர்ட்டுல இல்லை. ஒரு உதாரணம் சொல்றேன்.

குற்றாலத்துக்குப் பக்கத்துக் கிராமம். தென்னை ஏறுற தொழிலாளி. மரத்துல இருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. மருத்துவக் குழு 55 சதவீத ஊனம்னு சான்று கொடுத்தாச்சு. யுடிஐடி கார்டும் வந்தாச்சு. மனைவி பீடி சுத்துறாங்க. வருவாய்த்துறை கொடுக்கிற மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு 14 மாசம் நடந்திருக்காங்க. எங்ககிட்ட வந்தப்ப அந்த அம்மா சொன்னது இதுதான்: “எட்டுத் தடவ போயிட்டு வந்துட்டோம் சார். தரமாட்டேன்னு சொல்லுதாங்க.”

நான் கேட்ட முதல் கேள்வி, “தரமாட்டோம்னு சொன்ன பேப்பர் எங்கம்மா?”

பேப்பர் இல்லை. ஒரு தடவை, வருமானச் சான்று பழசுன்னு மனுவைக் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்காங்க. இன்னொரு தடவை, அதிகாரி கேம்ப் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம், இந்த மாசம் ஒதுக்கீடு முடிஞ்சு போச்சுன்னு. எல்லாமே வாய்வார்த்தை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டோம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, “இந்தப் பெயரில் வந்த விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?” அவ்வளவுதான் கேள்வி. 30 நாளைக்குள்ள பதில் வந்தது. என்ன பதில் தெரியுமா? அந்தப் பெயரில் விண்ணப்பம் எதுவும் பெறப்படவில்லை.

யோசிச்சுப் பாருங்க. கம்பு ஊன்றிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி எட்டுத் தடவை போன மனுஷன். ஆனா அரசாங்கத்தோட கணக்குல அவர் ஒரு தடவைகூட வரவே இல்லை. யாரும் பொய் சொல்லலை. பதிவு பண்ணலை, அதனால பதிவேட்டுல இல்லை. ஓய்வூதியம் 2023 ஜனவரியில இருந்து மாசம் 1,500 ரூபாய். 14 மாசம்னா 21,000 ரூபாய். அந்த 14 மாசத்துக்கு நான் எங்க போய் வாதாட? மறுத்ததா ஒரு வரி இருந்தா, அந்த வரியை எதிர்த்து வாதாடலாம். காற்றோட போன வார்த்தையை எதிர்த்து எந்தக் கோர்ட்டுலயும் மேல்முறையீடு போட முடியாது.

நான் இன்னிக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான். உதவித்தொகை விஷயத்துல வக்கீலோட முதல் வேலை வாதாடுறது இல்லை, வாயால சொன்ன ‘இல்லை’யை எழுத்துக்குக் கொண்டு வர்றது.

எழுத்தில் வந்த மறுப்பு

அடுத்து என்ன செஞ்சோம்? இ-சேவை மையத்துல விண்ணப்பத்தைப் பதிவு பண்ணினோம். ஒப்புகைச் சீட்டுல ஒரு எண் வரும், அதைப் பத்திரமா வச்சுக்கிட்டோம். கூடவே திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துல நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துலயும் ஒரு மனு. இணைச்ச ஆவணங்களை 1, 2, 3னு வரிசை போட்டு மனுவோட அடியிலேயே எழுதினோம். “இந்தச் சான்று இல்லையே”ன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல.

இப்ப முறைப்படி கள விசாரணை வந்தது. வந்தது ஜூலை மாசம். குற்றாலம் சீசன் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஆள் ஒரு சொந்தக்காரர் கடையில, ஐந்தருவிக்குப் போற வழியில, மங்குஸ்தானும் ரம்புட்டானும் வித்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார். சுத்தி நல்ல கூட்டம். பார்த்துட்டுப் போனவர் அறிக்கையில எழுதிட்டார்: வியாபாரம் செய்கிறார், போதிய வருமானம் உண்டு. விண்ணப்பம் நிராகரிப்பு.

அந்த அம்மா அழுதாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. ஏன்னா இப்ப காரணம் எழுத்துல வந்தாச்சு. காரணம் எழுத்துல வந்துட்டா அதுக்குப் பதிலும் எழுத்துல சொல்ல முடியும். கடை அவரோடது இல்லை, உரிமம் சொந்தக்காரர் பேர்ல இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசம்தான் அந்தக் கடையே. உட்கார்ந்து விக்கறதுக்கு நாள்கூலி. மீதி ஒன்பது மாசம் மனைவியோட பீடிக் கூலிதான் குடும்பம். இதை எல்லாம் ஆதாரத்தோட ரெண்டு பக்கத்துல எழுதி, அடுத்த மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு போட்டோம். மறு விசாரணைக்கு உத்தரவு வந்தது. அப்புறம் ஓய்வூதியமும் வந்தது. கோர்ட்டுப் படி ஏறவே இல்லை.

அலுவலகங்களை நான் வில்லனாக்க வரலை. ஒரு மேசையில முதியோர், விதவை, மாற்றுத்திறனாளின்னு எத்தனையோ வகை மனு குவிஞ்சு கிடக்கும். பாதி மனுவுல ஏதாவது ஒரு சான்று குறையும். ‘அப்புறம் வாங்க’ங்கிறது அந்த மேசைக்குச் சுலபமான பதில். ஆனா அந்தச் சுலபத்துக்கு யார் விலை கொடுக்கறாங்கன்னு பார்க்கணும் இல்லையா?

ரெண்டு ஜன்னல்

பல பேர் தடுமாறுற இன்னொரு இடம் இது. தமிழ்நாட்டுல மாதாந்திரப் பணம் ரெண்டு ஜன்னல்ல வருது. ஒண்ணு, நான் இப்பச் சொன்ன வருவாய்த்துறை ஓய்வூதியம். தாலுகா அலுவலகத்துல சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கிறது. இன்னொண்ணு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுக்கிற பராமரிப்பு உதவித்தொகை, மாசம் 2,000 ரூபாய். இது கடுமையாப் பாதிக்கப்பட்டவங்க, அறிவுசார் குறைபாடு உள்ளவங்க, தசைச்சிதைவு நோய் உள்ளவங்க, தொழுநோய்ல இருந்து மீண்டவங்க மாதிரியான வகைகளுக்கு. ஒரே ஆள் ரெண்டையும் வாங்க முடியாது. அதனால “வேறு உதவித்தொகை பெறவில்லை”ன்னு சான்று கேப்பாங்க.

ஜன்னல் மாறிப் போய் நிக்கிறதாலேயே மாசக்கணக்குல வீணாகுது. “இங்க இல்ல, அங்க போங்க”ன்னு சொன்னாலும் அதை மனுவோட பின்பக்கம் எழுதிக் கேளுங்க. எழுத மாட்டேன்னா, அதே மனுவை விரைவுத் தபால்ல ரெண்டு அலுவலகத்துக்கும் அனுப்பிட்டு ஒப்புகையை வச்சுக்கோங்க.

முன்னாடி இந்த ஊர்க்காரங்க இதுக்கெல்லாம் திருநெல்வேலி போகணும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு மாவட்ட அலுவலகம் பக்கத்துலயே வந்துடுச்சு. நடக்க முடியாதவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சதவீதம் குறைஞ்சா

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்குது. அதுக்கு முந்தின 1995 சட்டத்துல 7 வகைதான். பெரும்பாலான பலன்களுக்கு 40 சதவீதம்தான் வாசல்படி. யுடிஐடி கார்டுல நிறமே அதைச் சொல்லும். 40-க்குக் கீழே வெள்ளை, 40-ல இருந்து 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம்.

36, 38னு வந்து நிக்கறவங்கதான் எங்ககிட்ட அதிகமா வர்றாங்க. இவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதலாவது, உங்களுக்கு இருக்கிற எல்லாக் குறைபாட்டையும் பரிசோதிச்சாங்களான்னு பாருங்க. காலுக்கு மட்டும் 30 சதவீதம் போட்டிருப்பாங்க. காதும் சரியாக் கேக்காது, அதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. காதுக்கு 20 வருதுன்னு வச்சுக்குவோம். ரெண்டையும் அப்படியே கூட்டி 50னு சொல்ல முடியாது. வழிகாட்டுதல்கள்ல ஒரு சூத்திரம் இருக்கு. பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கணும். 90-ல இருந்து அந்தப் பெரிய எண்ணைக் கழிச்சு, வர்றதைச் சின்ன எண்ணால பெருக்கி, 90-ஆல வகுத்து, பெரிய எண்ணோட கூட்டணும். 30-ம் 20-ம் இருந்தா 43-க்குக் கொஞ்சம் மேல வருது. வாசல்படி தாண்டியாச்சு! அதே உடம்பு, அதே மனுஷன். ரெண்டாவது குறையைப் பரிசோதிக்கச் சொல்லி ஒரு மனு, அதுதான் வித்தியாசம்.

ரெண்டாவது, சான்று மறுத்தா காரணத்தை எழுத்துல கொடுக்கணும்னு விதியே இருக்கு. 2017 விதிகள்ல அதுக்குன்னு தனிப் படிவமே உண்டு. சான்று கொடுக்கறதுக்கான கால வரம்பு முதல்ல ஒரு மாசமா இருந்தது, 2024 திருத்தத்துல மூணு மாசமாச்சு. சதவீதத்துல உடன்பாடு இல்லைன்னா சட்டத்தோட 59-வது பிரிவுல மேல்முறையீட்டு உரிமை இருக்கு. “டாக்டர் சொல்லிட்டார், அவ்வளவுதான்”னு திரும்பிடாதீங்க. தற்காலிகச் சான்றா இருந்தா மறுபரிசோதனைத் தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. அந்தத் தேதி தாண்டினா வந்துக்கிட்டிருந்த பணமும் நின்னுடும்.

இந்த இடத்துல ஆய்க்குடியைச் சொல்லணும். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்துல அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்க அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது வாங்கினவர். தசைச்சிதைவோட வாழுற ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் பின்னாடி வந்து சேர்ந்துக்கிட்டார். ‘நமக்கு என்ன தேவைன்னு நாமே சொல்லணும்’ங்கிற பழக்கம் இந்த வட்டாரத்துல கொஞ்சம் கூடுதலா இருக்குன்னா, அதுக்கு இந்த மாதிரி ஆட்களும் ஒரு காரணம்.

பிள்ளைக்கு 18 வயசு ஆகும்போது

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பெத்தவங்க இதைக் கவனமாக் கேளுங்க. 18 வயசு வரைக்கும் அப்பா அம்மா இயல்பாவே காப்பாளர். 18 முடிஞ்ச அன்னிக்குச் சட்டப்படி அந்தப் பிள்ளை வயசுக்கு வந்தவர். பேங்க்குல “கையெழுத்து அவங்கதான் போடணும்”னு சொல்லிடுவாங்க. உதவித்தொகை கணக்குல இருக்கும், எடுக்க முடியாது.

இதுக்கு வழி 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு, கலெக்டர் தலைமையில இருக்கிற உள்ளூர் அளவிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. பிள்ளைக்கு 17 வயசு நடக்கும்போதே ஆவணங்களைச் சேர்க்க ஆரம்பிச்சிடுங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் பேங்க் பணத்தை நிறுத்தின பிறகுதான் வர்றாங்க.

அதுக்கு மேல போகணும்னா

எழுத்துல மறுப்பு, மேல்முறையீடு, அதுவும் சரிப்படலைன்னா? மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கார். அவருக்குச் சாட்சியை அழைக்கவும் ஆவணத்தை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்குச் சமமான அதிகாரம் உண்டு. அவர் ஒரு பரிந்துரை கொடுத்தா, சம்பந்தப்பட்ட அலுவலகம் மூணு மாசத்துக்குள்ள என்ன நடவடிக்கை எடுத்தோம்னு சொல்லியாகணும். ஏற்கலைன்னா காரணமும் சொல்லணும்.

கடைசிப் படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அங்கயும் இலவச சட்ட உதவி உண்டு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பெரும்பாலும் அங்க கிடைக்கிற உத்தரவு, “மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்” என்பதுதான். அப்படி உத்தரவு போட நீதிபதிக்கு என்ன வேணும்? தேதி போட்ட, அலுவலக முத்திரை விழுந்த ஒரு மனு நகல் வேணும். அது இல்லாம மதுரைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. எவ்வளவு மேல போனாலும் நாம திரும்பி வந்து நிக்கிற இடம் அந்த ஒரு தாள்தான்.

புரோக்கர்

“சதவீதத்தைக் கூட்டி வாங்கித் தர்றேன்”னு அலுவலக வாசல்ல ஆள் நிக்கும். கிட்டப் போகாதீங்க. தகுதி இல்லாம பொய்யான வழியில பலன் வாங்கினா, உரிமைச் சட்டத்தோட 91-வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். மாட்டறது புரோக்கர் இல்லை, சான்றுல பேர் இருக்கிற நீங்க. அவன் 5,000 கேக்கிற வேலையை நாங்க சட்டப்படி சும்மா செஞ்சு தர்றோம்.

கடைசியா ஒரு கணக்கு. உரிமைச் சட்டத்தோட 24-வது பிரிவு, மத்தவங்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைஞ்சது 25 சதவீதம் கூடுதலாக் கொடுக்கணும்னு சொல்லுது. 2023 ஆகஸ்டுல முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆச்சு. அதுல 25 சதவீதம் 300. கூட்டினா சரியா 1,500. அதாவது இந்தப் பணம் யாரோ இரக்கப்பட்டுத் தர்றது இல்லை, சட்டம் போட்ட கணக்கு. கணக்குக் கேக்கப் போறவங்க கை கட்டி நிக்க வேண்டாம். மனு ரெண்டு நகல் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணை அங்க கொடுங்க, இன்னொண்ணுல தேதியும் முத்திரையும் வாங்கிட்டு வீட்டுக்கு வாங்க. முத்திரை போட மாட்டேன்னு சொன்னா 15100-க்குக் கூப்பிடுங்க.

உங்க தெருவுல இது தேவைப்படுற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவருக்கு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டுங்க. அடுத்த எபிசோடுல விபத்து இழப்பீட்டு வழக்குகள்ல ஊனச் சதவீதத்தை எப்படிக் கணக்குப் போடறாங்கன்னு பேசலாம்.